ரங்கசாமி மகள் பத்மாவதி

வக்கீல் குமாஸ்தா பொய் சொல்லக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. எழுதியிருந்தால் கோவை கோர்ட்டில் ஒரு குமாஸ்தாவும் மிஞ்சியிருக்க மாட்டான். முப்பத்து நான்கு வருடமாக நான் அங்கே கேஸ் கட்டுச் சுமந்துகொண்டு திரிகிறேன். "அடுத்த வாய்தாவுல முடிஞ்சுருமுங்க" என்று எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன் என்பது அல்லாவுக்குத்தான் தெரியும். கேட்கிறவருக்கும் அது பொய் என்று பாதி தெரியும். ஆனாலும் அந்த ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு நிம்மதியாக பஸ் ஏறிப் போவார்கள். இப்படிப்பட்ட உமர் பாரூக் ஒரே ஒரு நாள் உண்மை சொன்னான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அதற்கு முன்னால் பத்மாவதி யார் என்று சொல்லிவிடுகிறேன். அவர் எங்கள் கட்சிக்காரர் இல்லை, எதிர்த் தரப்பு. எங்கள் சீனியர் வக்கீலிடம் வந்தவர் அவருடைய தம்பி சீனிவாசலு. காரமடைக்கு மேற்கே அவர்கள் அப்பா ரங்கசாமி வைத்துவிட்டுப் போன இரண்டரை ஏக்கர் பாக்குத் தோப்பு இருக்கிறது. வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் நம்மைவிடச் சுத்தமான கொங்குப் பேச்சு. அக்காளும் தம்பியும் இரண்டே பிள்ளைகள்.

தாய் இறந்தபோது பத்மாவதிக்குப் பதினொரு வயது, தம்பிக்கு மூன்று. பள்ளிக்கூடம் அன்றோடு போயிற்று. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே சோறு ஆக்கினார், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். இருபத்தொரு வயதில் வடவள்ளியில் கட்டிக்கொடுத்தபோது, பெண் போகிற காரில் முன்கூட்டியே ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்தானாம் அந்தப் பதின்மூன்று வயதுத் தம்பி. கடைசியில் அவனையும் கூட்டிக்கொண்டுதான் கார் கிளம்பியது. இரண்டு வருடம் அக்காள் வீட்டில் இருந்துதான் படித்தான். புருஷன் நாற்பது வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். பத்மாவதி ஒரு நூல் மில்லில் வைண்டிங் வேலைக்குப் போனார். இருபத்து நான்கு வருடம் பஞ்சுத் தூசியை மூச்சாக இழுத்து, மகன் சசிதரை ஆளாக்கினார். அவன் இப்போது மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறான்.

தோப்பில் பாகம் வேண்டும் என்று அந்த அம்மாள் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. பொங்கலுக்குத் தம்பி கரும்பும் சீலையும் கொண்டுவந்தால் போதும், தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். 2016-இல் சசிதர் ஏதோ தேவைக்காகத் தாத்தாவின் வாரிசுச் சான்றை நகல் எடுத்தான். அதில் ரங்கசாமிக்கு ஒரே வாரிசு, மகன் சீனிவாசலு. அக்காள் பெயரே இல்லை. அவளிடம் கையெழுத்து வாங்க அலையவேண்டுமே என்ற சோம்பலில், யாரோ தரகன் சொன்னான் என்று இந்த மனிதர் செய்த காரியம் அது. கெட்ட எண்ணம் இல்லை என்று என்னிடம் நூறு முறை சொல்லியிருக்கிறார். நல்ல எண்ணமும் இல்லையே!

பத்மாவதி பாதி பாகம் கேட்டு வழக்குப் போட்டார். பிராதில் கல்யாணமான பெண்ணை இன்னாரின் மனைவி என்று எழுதுவதுதான் எங்கள் வழக்கம். அவர் தன் வக்கீலிடம் விடாப்பிடியாக நின்று "ரங்கசாமி மகள் பத்மாவதி" என்று எழுத வைத்தார். பின்னால் ஒருநாள் கோர்ட் வராந்தாவில் என்னிடமே காரணம் சொன்னார்.

"பாக்கு எனக்கு எதுக்குங்க பாய். எங்கப்பனுக்கு நான் பொறக்கவே இல்லைன்னு எழுதிப்போட்டானுங்களே. அதை அழிக்கோணுமுங்க."

கெட்ட நேரம் பாருங்கள். அந்த வழக்கின் சம்மனை எடுத்துக்கொண்டு கோர்ட் சேவகர் அமீனா போய் நின்றது சீனிவாசலுவின் மகள் சைத்ராவின் நிச்சயதார்த்தத்தன்று. சம்பந்தி வீட்டார் இலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அத்தைக்காரி பத்மாவதி தாம்பாளத்தோடு முன்வரிசையில் இருக்கிறார். அமீனா சபை நடுவே பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கையெழுத்து கேட்டார். அன்றைக்கு வரும் என்று அந்த அம்மாளுக்குச் சத்தியமாகத் தெரியாது. தெரியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? வேண்டுமென்றே செய்தாள் என்று ஊரே பேசியது.

சீனிவாசலு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக ஊர் மாகாளியம்மன் கோயிலுக்குப் போனார். சூடத்தைக் கொளுத்தி, எரியும்போதே உள்ளங்கையால் அடித்து அணைத்தார். இந்தக் கேஸ் முடிகிற வரைக்கும் அவள் வாசல் மிதிக்கமாட்டேன், அவளோடு பேச்சும் இல்லை என்று சத்தியம் செய்தார். கையில் காசு அளவுக்கு ஒரு தழும்பு இன்னும் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் சூடம் அணைத்தவன் சொல் மாறினால் வம்சம் தழைக்காது என்பார்கள். சிரிக்காதீர்கள். நம்புகிறவனுக்கு அது கோர்ட் தீர்ப்பைவிடப் பெரிது.

இனி வருவது என் கைங்கரியம். அந்தத் தோப்பின் மேல் ஏற்கெனவே இன்னொரு வழக்கு இருந்தது. பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர், ரங்கசாமி உயிரோடு இருக்கும்போதே தனக்கு விற்பதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார் என்று போட்ட வழக்கு. கீழ்க் கோர்ட்டில் சீனிவாசலு ஜெயித்தார், அப்பீலில் அந்தத் தோட்டக்காரர் ஜெயித்தார், சீனிவாசலு சென்னைக்கு இரண்டாவது அப்பீல் போயிருந்தார். நான் சீனியரிடம் ஒரு யோசனை சொன்னேன். நிலம் யாருடையது என்பதே சென்னையில் முடியவில்லை, முடியாத நிலத்தை இங்கே எப்படிப் பாகம் பிரிப்பது, அந்த அப்பீல் முடிகிறவரை இந்த வழக்கை நிறுத்திவைக்க மனுப் போடலாமே என்றேன். சீனியர் முதுகில் தட்டினார். 2019-இல் மனு அனுமதிக்கப்பட்டது. வழக்கு அப்படியே நின்றது. சீனிவாசலு என்னை கேன்டீனுக்குக் கூட்டிப்போய் போண்டாவும் காப்பியும் வாங்கிக் கொடுத்தார். நானும் வெட்கமில்லாமல் இரண்டு போண்டா தின்றேன்.

அவருக்கு விஷயம் உறைக்க ஒரு வருடம் ஆயிற்று. ஒருநாள் வந்து, அப்படியானால் அக்காள் கேஸ் எப்போதுதான் முடியும் என்று கேட்டார். சென்னையில் முடிந்த பிறகுதான் இங்கே தொடங்கவே தொடங்கும் என்றேன். சென்னையில் எப்போது முடியும் என்றார். ஆறு வருடமும் ஆகலாம், பதினாறு வருடமும் ஆகலாம் என்றேன். தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். கேஸ் முடிகிறவரை என்று சத்தியம் செய்தவரும் அவரே, கேஸை முடியவிடாமல் நிறுத்தி வைத்தவரும் அவரே. மண்ணை அள்ளிக் கொடுத்தது மட்டும் நான்.

நின்றுபோன வழக்குக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு வாய்தா உண்டு. கூப்பிடுவார்கள், சென்னை அப்பீல் நிலுவையில் என்று சொல்வோம், தள்ளிவைப்பார்கள். கட்சிக்காரர்கள் வரவேண்டிய அவசியமே இல்லை. ஆனால் இரண்டு பேரும் தவறாமல் வருவார்கள். வராந்தா பெஞ்சில் அந்தக் கோடியில் அக்காள், இந்தக் கோடியில் தம்பி. நடுவில் நான்தான் தபால்காரன். தம்பிக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது, காலில் புண் ஆறியதா என்று அவர் என்னிடம் கேட்பார். அக்கா இளைத்துவிட்டாள், மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று இவர் என்னிடம் கேட்பார். எட்டடி தூரம்! இரண்டு பேரையும் பிடித்து உலுக்கவேண்டும் போல எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருமுறை சீனிவாசலுவிடம், கோயிலில் போய்த் தப்புக்காணிக்கை வைத்துச் சத்தியத்தைத் திருப்ப முடியாதா என்று கேட்டேன். பூசாரியிடம் கேட்டாயிற்று, சொன்ன சொல் நிறைவேறினால்தான் விடுதலை என்று சொல்லிவிட்டார் என்றார்.

2023 ஜூலை வாய்தாவுக்கு பத்மாவதி படியேற முடியாமல் கீழேயே உட்கார்ந்துவிட்டார். பஞ்சுத் தூசி நுரையீரலை அரித்துவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்த வாய்தாவுக்கு அவர் வரவில்லை. வீட்டில் மூச்சுக்கு சிலிண்டர் வைத்திருப்பதாக சசிதர் சொன்னான். நான் அதைச் சீனிவாசலுவிடம் சொல்லி, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், சாமி உங்களைத் தூக்கில் போடாது என்றேன். அவர் அழுதார். சைத்ரா இரண்டு முறை கரு கலைந்து இப்போது மூன்றாவதாக உண்டாகியிருக்கிறாள், இந்த நேரத்தில் சத்தியத்தை மீறி அந்தப் பிள்ளைக்கு ஒன்று ஆனால் நான் என்ன செய்வேன் என்றார்.

ஏப்ரல் மாதம் பத்மாவதியே எனக்குப் போன் செய்தார். எதிர்த் தரப்புக் குமாஸ்தாவுக்குப் போன் செய்யக் கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது. கேஸை முடிக்க என்ன வழி என்று கேட்டார். ஒன்று சென்னை அப்பீல் முடியவேண்டும், இல்லை நீங்கள் வாபஸ் வாங்கவேண்டும், வாங்கினால் பாகம் போய்விடும் என்றேன்.

"போனாப் போகுதுங்க. நான் செத்தா எனக்குப் பொறந்த ஊட்டுச் சீலை வரோணுமுங்க பாய். அதுக்கு அவன் எம்பட வாசல் மிதிக்கோணும். தோப்பு இல்லாமச் சாவலாம். பொறந்த ஊடு இல்லாமச் சாவ முடியுமுங்களா?"

இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வாழ்க்கைப்பட்ட பெண் இறந்தால், பிறந்த வீட்டார் கோடிச் சீலை கொண்டுவந்து போர்த்தவேண்டும். அது வந்தபிறகுதான் எடுப்பார்கள். அந்தச் சீலை வராமல் போன பெண்ணைப் பற்றி, நாதியற்றுப் போனாள் என்று ஒரு தலைமுறைக்குப் பேசுவார்கள். பத்மாவதி அறுபத்தாறு வயதில் கேட்டது அந்த ஒரு சீலையைத்தான்.

அவருடைய வக்கீலிடம் சொல்லி வாபஸ் மெமோ தயாரானது. சிலிண்டர் குழாய் மூக்கில் இருக்க, கோணல்மாணலாக அவரே கையெழுத்துப் போட்டார். ஏப்ரல் முப்பதாம் தேதி தாக்கல் ஆயிற்று. மறுநாள் முதல் கோடை விடுமுறை. நின்றுபோன வழக்கு என்பதால் அன்றைய பட்டியலில் அது இல்லை. கோர்ட் திறக்கும்போது, ஜூன் மூன்றாம் தேதி எடுத்து உத்தரவு போடுவதாக எழுதி வைத்தார்கள். நான் சீனிவாசலுவுக்குப் போன் செய்து சொன்னேன். அந்த மனிதர் சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். மூணாம் தேதி கோர்ட்டிலிருந்து நேராக அக்கா வீட்டுக்குத்தான் என்றார். மாம்பழக் கலரில் ஒரு சீலை எடுத்து வைத்திருக்கிறேன், அக்காவுக்கு அந்தக் கலர் பிடிக்கும், உயிரோடு இருக்கும்போதே கையில் கொடுப்பேன் என்றார். தினமும் போன் வரும். இன்னும் இருபத்தெட்டு நாள் பாய், இன்னும் இருபது நாள் பாய் என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

மே பத்தொன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை சசிதர் போன் செய்தான். அம்மா போய்விட்டார்.

டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு வடவள்ளிக்குப் போனேன். வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். பத்மாவதியின் தாடையைக் கட்டி, தலைமாட்டில் விளக்கு வைத்திருந்தார்கள். முகம் சிறுத்து ஒரு கைப்பிடி ஆகியிருந்தது. குளிப்பாட்டத் தண்ணீர் காய்ந்துவிட்டது, பிறந்த வீட்டிலிருந்து யாராவது வருகிறார்களா என்று பெண்கள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மில்லில் கூட வேலை செய்த பொன்னாத்தாள் என்ற அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, ராத்திரியெல்லாம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள், காற்றுக்குக் கதவு அசைந்தால்கூட சீனுவா என்று கேட்டாள் என்று சொன்னார். அதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இருபது நாளாக எண்ணிக்கொண்டிருந்தானே, அந்த மனிதன்!

அப்போது என் போன் அடித்தது. சீனிவாசலுதான். தெருமுனை டீக்கடையில் இருக்கிறேன், கொஞ்சம் வாருங்கள் என்றார். போனேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சப்பை. அதற்குள் சீலை. வீட்டுக்கும் அந்தக் கடைக்கும் ஐம்பது அடி இருக்காது. என்னைக் கண்டதும் எழுந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பாய், அக்கா எழுதிக் குடுத்துருச்சுல்லங்க. கேசு முடிஞ்சாப்லதானுங்களே? முடிஞ்சுதுன்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. நான் போயிருவேன்."

இப்போது நிதானமாக யோசித்தால் தெரிகிறது. வாதி வாபஸ் என்று எழுதித் தாக்கல் செய்த நிமிடமே வழக்கு முடிந்ததுதான், உத்தரவு வெறும் சம்பிரதாயம் என்று வாதாடுகிற வக்கீல்கள் உண்டு. நானே அதைச் சீனியர் வாயால் கேட்டிருக்கிறேன். ஆமாம் என்று சொன்னால் அது முழுப் பொய்கூட இல்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அந்த நிமிடத்தில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். கூப்பிட்ட நாளெல்லாம் வராமல் இருந்துவிட்டு, இப்போது சத்தியத்தை மீறிய பாவத்தை என் தலையில் இறக்கிவைத்துவிட்டு உள்ளே போகப் பார்க்கிறான். ஸ்டே வாங்கும் யோசனையைக் கொடுத்தவன் நான் என்பது அந்த எரிச்சலை இன்னும் கிளறிவிட்டது. அவர் கையை உதறினேன்.

"முடியலீங்க. ஸ்டே நீங்க கேட்டு வாங்குனது. அது இன்னும் உசுரோட இருக்குது. உங்க அக்காதான் செத்துப் போச்சு."

அவர் மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தார். பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். அவர் என் பின்னாலேயே வந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். மனிதனுக்கு ரோஷம் வரும், போடா நீயும் உன் கோர்ட்டும் என்று நுழைந்துவிடுவார் என்று நினைத்தேன். வரவில்லை.

மதியம் வரைக்கும் பார்த்தார்கள். பிறகு பொன்னாத்தாள் தன் வீட்டுக்கு ஓடிப்போய், பெட்டியில் வைத்திருந்த ஒரு புதுச் சீலையை எடுத்து வந்தார். "இந்தச் சென்மத்துக்கு நானே பொறந்த ஊடுன்னு நெனைச்சுக்க அம்மணி" என்று சொல்லிப் போர்த்தினார். சசிதர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். அமரர் ஊர்தி தெருமுனையைத் தாண்டும்போது நான் வண்டியில் பின்னால் போய்க்கொண்டிருந்தேன். சீனிவாசலு டீக்கடை ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றார். உச்சி வெயில், தார்ச் சாலை. வண்டி மறைகிறவரை நின்றார் என்று கடைக்காரர் பிறகு சொன்னார்.

ஜூன் மூன்றாம் தேதி வழக்கைக் கூப்பிட்டார்கள். வாதி இறந்துவிட்டார் என்று அவருடைய வக்கீல் சொன்னார். சசிதர் மனுப் போட்டான். தாய் சுயநினைவு சரியில்லாத நேரத்தில் வாபஸில் கையெழுத்து வாங்கப்பட்டது, அதை ஏற்கக்கூடாது, என்னை வாதியாகச் சேர்க்கவேண்டும் என்றான். வராந்தாவில் என்னைப் பார்த்து, எங்கம்மாவுக்குச் சீலை கொண்டாராத ஆளுக்கு ஒரு பாக்கு மரம்கூட விடமாட்டேன் என்றான். அவன் கோபத்தில் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையெழுத்துப் போடும்போது அந்த அம்மாள் எவ்வளவு தெளிவாக இருந்தார் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லவும் வாய் வரவில்லை. மெமோ நிராகரிக்கப்பட்டது. சசிதர் வாதி ஆனான். சென்னை அப்பீல் முடிகிறவரை வழக்கு நிறுத்திவைப்பு, பழையபடியே.

சைத்ராவுக்கு ஜூன் கடைசியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். நீங்கள் நிஜத்தைச் சொன்னதால்தான் பாய் இந்தக் குழந்தை தங்கியது என்று சீனிவாசலு என்னிடம் சொன்னார். சொல்லிக்கொண்டே அழுதார். எனக்கு அந்த வராந்தாவிலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

இப்போதும் வாய்தாவுக்கு வருகிறார். பெஞ்சின் இந்தக் கோடியிலேயே உட்காருகிறார். அந்தக் கோடியில் யார் உட்கார வந்தாலும், ஆள் வருதுங்க என்று சொல்லிவிடுகிறார். மஞ்சப்பை கூடவே வருகிறது. கேஸ் முடிகிற அன்றைக்கு அக்காள் வீட்டு வாசலை மிதித்து, படத்துக்காவது சீலையைப் போர்த்தவேண்டுமாம். சென்ற வாரமும் கேட்டார்.

"சென்னையில நம்பர் வந்துச்சுங்களா பாய்? எப்ப முடியுமுங்க?"

வரவில்லை. வருகிற மாதிரியும் தெரியவில்லை. அவருக்குச் சர்க்கரை கூடி, இடது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

"அடுத்த வாய்தாவுல முடிஞ்சுருமுங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு, பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அன்றைக்கு அந்த டீக்கடை பெஞ்சில் இதில் பாதிப் பொய் போதுமாக இருந்தது.